இரண்டாவது பிளேட்

1955 ஜூலை 20, புதன்கிழமை. விடியலில் எழுந்து சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, இரண்டு இட்டலி சாப்பிட்டேன். எட்டு மணிக்குச் செங்கல்பட்டுக் கடைத்தெருவில் இருந்த என் ஸ்டூடியோவின் பலகைக் கதவுகளை வரிசை மாறாமல் கழற்றி அடுக்கினேன். வீடு ஸ்டூடியோவுக்குப் பின்கட்டு. நடுவில் ஒரு திரைச்சீலைதான்.

கடை திறந்ததும் என் முதல் வேலை லென்ஸ் துடைப்பது. பழைய மல் துணியை வெந்நீரில் அலசிக் காயவைத்து, அதற்கென்றே ஒரு டப்பாவில் வைத்திருப்பேன். நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்கு வட்டமாகத் துடைக்க வேண்டும். ஓரத்தில் ஆரம்பித்தால் தூசி உள்ளே வரும். அதை முடிக்காமல் நான் வேறு எதையும் தொட்டதில்லை. காய்ச்சல் கண்டிருந்த நாட்களில்கூட எழுந்து வந்து அதை மட்டும் செய்துவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறேன்.

பிறகு வடக்கு ஜன்னலருகே டச்சிங் மேசை. பிளேட் என்று நாங்கள் சொல்வது கண்ணாடித் தகடு. மருந்து பூசிய அந்தத் தகட்டில்தான் உருவம் விழும். கழுவிய பிளேட்டைச் சாய்மேசையில் வைத்து, ஊசிமுனையாகச் சீவிய பென்சிலால் முகத்தின் பருவையும் சுருக்கத்தையும் புள்ளி புள்ளியாக மறைப்பது டச்சிங். ஆடி மாதம் பிறந்துவிட்டது. கல்யாணம் இல்லை, கூட்டமில்லை. ஆனி முகூர்த்தத்தில் எடுத்த ஒரு மாப்பிள்ளையின் முகம் மேசையில் இருந்தது. அம்மைத் தழும்பு நிறைந்த முகம். தழும்புகளை எடுத்தாகிவிட்டது. எடுத்த இடம் சந்தனம் அப்பியது போல வழவழப்பாகத் தெரிந்ததால், மறுபடி கொஞ்சம் தோல் வரைந்துகொண்டிருந்தேன்.

காபி கொண்டு வந்த என் மனைவி தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள்.

"இன்னுமா இவுரு முகம் முடியல? அந்தப் பொண்ணுக்கே தழும்பு பழகிப் போயிருக்கும். நீங்க படத்தக் குடுத்தா, இது யாரு புதுசா இருக்காருன்னு கேக்கப் போவுது."

"சனிக்கிழமை குடுத்துருவேன்."

"எந்தச் சனிக்கிழமைன்னு சொல்லலியே" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

வெயில் ஏறின நேரத்தில் வாசலில் ஒருவன் வந்து நின்றான். முப்பது வயதுக்குள் இருக்கும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். மாமல்லபுரத்துக்கு வடக்கே, நெம்மேலிக்குப் போகும் வழியில் உள்ள மீன்பிடிக் குப்பத்தில் ஒன்றரை வருஷத்துக்கு முன் நான் படம் எடுத்த கல்யாணத்தின் மாப்பிள்ளை.

"மாமனாரு பூட்டாரு சார்" என்றான். "ராத்திரி நல்லா சோறு துன்னுட்டுத்தான் படுத்தாரு. காலைல எயுப்புனா எயுந்துக்கல. படம் புடிக்கணும்னு மாமியா ஒரே புடியா கீது. மாபலிபுரத்துல இன்னிக்கி ஒரு படக்காரனும் இல்ல. அதான் உங்களாண்ட ஓடியாந்தேன்."

இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, குடும்பம் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது இந்தப் பக்கத்தில் எல்லாச் சாதியிலும் உண்டு. அதுவே பலருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படமாக இருக்கும். எனக்கும் பழகிய வேலைதான்.

"பெரிய மச்சானுக்குத் தந்தி குடுத்துட்டோம்" என்றான் தொடர்ந்து. "மெட்ராஸ் துறைமுகத்துல வேல பாக்கறாரே, அவுரு. கோவளம் வரைக்கும் பஸ்ஸு, அங்கேர்ந்து கரையோட நடந்து வரணும். அவுரையும் அவுரு நைனாவையும் ஒண்ணா வெச்சிப் புடிச்சிரணும் சார். மாமியாளுக்கு அது ஒண்ணுதான். அழக்கூட இல்ல. பெரியவன் வந்துட்டானா, படக்காரன் வந்துட்டானான்னு மாத்தி மாத்திக் கேட்டுகினு கீது."

ஏன் என்று அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் கல்யாணம் எனக்கு நன்றாக நினைவிருந்தது.

மூத்த மகன் கடலுக்குப் போகமாட்டேன் என்று சொல்லித் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தவன். அன்றிலிருந்து அப்பா அவனோடு பேசுவதில்லை. தங்கை கல்யாணத்துக்கு வந்தவனை அம்மா எப்படியோ இழுத்து வந்து தன் இடப்பக்கம் நிறுத்தினாள். புருஷனைக் கையைப் பிடித்து வலப்பக்கம் நிறுத்தினாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மகனின் காலரைச் சரிசெய்யச் சொன்னேன். பிறகு கிழவரின் துண்டு ஒரு பக்கம் நீளமாகத் தொங்கியது. அதைச் சரிசெய்தபோது பந்தலில் கட்டிய வாழையிலையின் நிழல் பெண்ணின் காதில் விழுந்தது. இலையை நறுக்கச் சொன்னேன். திரும்பிப் பார்ப்பதற்குள் காலர் மறுபடி மடங்கியிருந்தது.

"யோவ்! நீ புடிக்கறதுக்குள்ள என் வலையே காஞ்சி பூடும்யா" என்று சொல்லிவிட்டுக் கிழவர் கடற்கரைப் பக்கம் இறங்கிப் போய்விட்டார். கூப்பிட்டும் திரும்பவில்லை. மீதிப் பேரை நெருங்கி நிற்கச் சொல்லி எடுத்தேன். படம் நன்றாக வந்திருந்தது. கொஞ்ச நாள் கடை ஜன்னலில்கூட வைத்திருந்தேன்.

"மாமனாரு நடந்து போனாரே, நெனப்பு கீதா சார்?" என்றான் மருமகன், சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத முகத்தோடு. "இப்ப எங்கியும் பூட மாட்டாரு. நீங்க நிதானமா புடிக்கலாம்."

வெளியூர் வேலைக்கு நான் ஒரு சிலைடுதான் எடுத்துப்போவேன். சிலைடு என்பது வெளிச்சம் புகாத மரச்சட்டம். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு பிளேட் அதில் இருக்கும். மூன்றாவது தேவைப்பட்டால் முதல் இரண்டையும் நான் ஒழுங்காகச் செய்யவில்லை என்று அர்த்தம். அது நானே எனக்கு வைத்துக்கொண்ட சட்டம். இருட்டறையில் பிளேட்டுகளைப் போட்டு மூடிய பிறகு, இரண்டாவதன் ஓரத்தில் ஒரு தூசி விரலில் தட்டியது போல இருந்தது. மறுபடி பிரித்தேன். தூரிகையால் தட்டினேன். சட்டத்தின் காடிகளையும் துடைத்தேன். பிறகு முதல் பிளேட்டைப் பற்றிச் சந்தேகம் வந்தது.

கதவுக்கு வெளியே அவன் குரல் கேட்டது. "சார், பஸ்ஸு நிக்காது சார்."

நாங்கள் நிறுத்தத்துக்குப் போனபோது பஸ் கிளப்பிய புழுதி மட்டும் இருந்தது. அடுத்த பஸ் ஒன்றரை மணி நேரம் கழித்து. அவன் காமிராப் பெட்டியைத் தலையிலிருந்து இறக்கி அதன்மேல் துண்டைப் போட்டு மூடினான். மேற்கே, ஊருக்கு அப்பால், மலைகளின் தலையில் மேகம் உட்கார்ந்திருந்தது. ஆடி மாதத்தில் எங்கள் ஊர் மேகம் மேற்கிலிருந்துதான் வரும். மத்தியானம் உட்காரும், சாயங்காலம் எழுந்து கடலைப் பார்க்க நடக்கும்.

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து மாட்டுவண்டி பிடித்தோம். மணல் தடம். மாடு ஒவ்வொரு அடியையும் யோசித்து வைத்தது. நான் சிலைடு இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பித் திரும்பி மேற்கே பார்த்தேன். மேகம் எங்களோடு வந்துகொண்டிருந்தது.

குப்பத்தில் அன்று யாரும் கடலுக்குப் போகவில்லை. கட்டுமரங்கள் மேட்டில் கிடந்தன. வீட்டு வாசலில் பாய்மரத் துணியால் நிழல் போட்டு, நாற்காலியில் கிழவரை உட்காரவைத்திருந்தார்கள். தாடையைச் சேர்த்து வெள்ளைத் துணி கட்டியிருந்தது. நெற்றியில் சந்தனத்தின் மேல் ஒரு காசு. பக்கத்தில் தரையில் அவர் மனைவி உட்கார்ந்து, தென்னங்கீற்றால் ஈ ஓட்டிக்கொண்டு வடக்கே பார்த்தபடி இருந்தாள். வடக்கே கோவளம் வரை வெறும் கரை. ஒரு ஆளும் தெரியவில்லை.

ஊர்ப் பெரியவர் எழுந்து வந்தார். தலைப்பாகை கட்டிய கனத்த மனிதர்.

"இன்னாய்யா, ஆடி அசைஞ்சி வர்ற? ஆளு அனுப்பி எம்மாம் நேரமாச்சி. பொயுது சாயறதுக்குள்ள பாடைய எடுத்துரணும். பாரு, மேகத்த. மழ புடிச்சிகிச்சின்னா பேஜாரு. சுருக்கா ஆவட்டும்."

"பெரியவன் வரட்டும்" என்றாள் அந்த அம்மாள், திரும்பாமலே.

"வந்தா வரட்டும்மா. அதுக்குள்ள இவுரு ஒண்ணு புடிக்கட்டும். வந்தான்னா இன்னொண்ணு புடிச்சிக்கலாம். இன்னாய்யா, ரெண்டு புடிக்கலாமில்ல?"

"ரெண்டு எடுக்கலாம்" என்றேன். அவ்வளவுதான் இருக்கிறது என்று சொல்லவில்லை.

நிழலில் முகம் மொத்தமாக இருட்டியிருந்தது. நாற்காலியை வெளியே கொண்டுவரச் சொன்னேன். வெயில் ஒரு கன்னத்தில் மட்டும் அடித்தது. சுவரோரம் திருப்பச் சொன்னேன். அங்கே கூரையின் ஓலை முகத்தில் கோடு போட்டது. மூன்றாவது முறை நகர்த்தியபோது நாற்காலியைப் பிடித்திருந்தவர்களில் ஒருவன் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

"உசுரோட கீறச்சகூட இந்த மனுசன் இத்தினி வாட்டி எடம் மாத்தி ஒக்காந்ததில்லய்யா" என்றார் பெரியவர். இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

தலை ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரு துடுப்பை நாற்காலிக்குப் பின்னால் நட்டு, துண்டால் தலையை அதோடு சேர்த்துக் கட்டி, முடிச்சு தெரியாமல் பின்னுக்கு விட்டேன். தாடைக்கட்டை அவிழ்க்க வேண்டும், ஆனால் வாய் திறக்கக் கூடாது. துணியைச் சிறு சுருளாக்கி மோவாய்க்குக் கீழே கொடுத்து மாலையால் மறைத்தேன். ஒரு வெள்ளை வேட்டியை இரண்டு பேரைப் பிடிக்கச் சொல்லி, வெயிலை நிழல் கன்னத்துக்குத் திருப்பினேன்.

மருமகன் கேட்டான்: "சார், கண்ணு தொறந்தாப்பல நீங்க வரைஞ்சிருவீங்கல்ல? எங்க பெரியப்பாவுக்கு அப்பிடித்தான் ஒருத்தரு வரைஞ்சி குடுத்தாரு."

வரைவேன். அதில் எனக்குப் பெயரும் உண்டு. இறந்த பிறகு எடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாதபடி செய்வேன். பதில் சொல்ல வாயெடுத்தபோது அந்த அம்மாள் திரும்பினாள்.

"இவுருக்கு அவுரு கண்ணு இன்னா தெரியும்? ரெண்டு வாட்டி பாத்துகீறாரா? வேற எவன் கண்ணையாச்சும் வெச்சிடப் போறாரு. ஒண்ணும் வேணாம். தூங்கறாப்பலயே இருக்கட்டும்."

அவர்களை வரிசையாக நிறுத்தினேன். மனைவி, மகள், மருமகன், இரண்டு தம்பிமார். அம்மாளின் இடப்பக்கம் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது. நெருங்கி நிற்கச் சொன்னேன். அவள் நெருங்கவில்லை. நானும் மறுபடி சொல்லவில்லை.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். காமிராவின் பின்கண்ணாடியில் எல்லாரும் தலைகீழாக நின்றார்கள். வேட்டி மடிப்பு ஒன்று கோணலாக இருந்தது. வெளியே வந்து சரிசெய்தேன். உள்ளே போனேன். பின்னால் ஒரு ஆடு. ஓட்டச் சொன்னேன். மாலையில் ஒரு பூ உதிர்ந்து மடியில் கிடந்தது. எடுத்தேன். கடற்காற்று மாலையை மெல்ல ஆட்டியது. அது நிற்கும்வரை லென்ஸ் மூடியின்மேல் கையை வைத்துக் காத்திருந்தேன். என் பிளேட்டுகள் வேகம் குறைந்த ரகம். கண்ணிமையின் முடிகூட விழும், ஆனால் ஒரு இலை அசைந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

காற்று நின்றது. "அசையாதீங்க" என்றேன். திறந்தேன், மூடினேன். எதுவும் அசையவில்லை. உள்ளுக்குள் நிறைவாக இருந்தது. அந்தப் படம் எப்படி வரும் என்று எனக்கு அப்போதே தெரியும்.

நான் நிமிர்ந்தபோது மணல் நிறம் மாறியிருந்தது. வேட்டியைப் பிடித்திருந்தவர்கள் அதை இறக்கிவிட்டு மேலே பார்த்தார்கள். மேகம் சூரியனை எட்டிவிட்டது. ஒரு படத்துக்காக நான் எடுத்துக்கொண்டது ஒரு சாயங்காலத்தின் வெளிச்சம் முழுவதும்.

"ஆச்சில்ல? எடுங்கப்பா" என்றார் பெரியவர். சங்கு ஊதினார்கள். பறை தொடங்கியது. பாடை ஏற்கெனவே தயாராக இருந்தது.

"பெரியவன் வரல" என்றாள் அந்த அம்மாள். குரல் உயரவில்லை. நாற்காலியின் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"எம்மா, இன்னா பண்ணச் சொல்ற? தந்தி கெடச்சிச்சோ இல்லியோ. மழைல தோண்டி வெச்ச பள்ளத்துல தண்ணி நின்னிச்சின்னா எங்க வெக்கறது? நீயே சொல்லு."

"கொஞ்ச நேரம்."

"கொஞ்ச நேரம் கொஞ்ச நேரம்னு காலைலேர்ந்து சொல்லிகினு கீற."

இரண்டு பேர் நாற்காலியின் பக்கம் குனிந்தார்கள். அவள் கையை எடுக்கவில்லை. மகள் வந்து விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். நான் காமிராவுக்குப் பக்கத்தில் நின்று சிலைடைத் திருப்பிப் போடுவதா, பெட்டியில் வைப்பதா என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். காலையில் அந்த முதல் பஸ்ஸைப் பிடித்திருந்தால் இந்நேரம் வெயில் இருந்திருக்கும் என்பது யாரும் சொல்லாமலே என்னைச் சுற்றி நின்றது.

கட்டுமரத்தின் மேல் ஏறி நின்ற ஒருவன் கத்தினான்: "அண்ணாத்த வந்துகினு கீது! ஓடியாருது!"

வடக்கே, அலை நனைத்த கெட்டி மணலில், ஒரு கறுப்புப் புள்ளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்குக் கை கால் முளைத்தன. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். வந்தவன் நேராக அப்பாவின் காலில் விழுந்தான். முழங்காலைக் கட்டிக்கொண்டு முகத்தை அதில் புதைத்துக்கொண்டான். "நைனா, நைனா" என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. பறையடிப்பவர்கள் தாமாகவே நிறுத்தினார்கள்.

கொஞ்சம் பொறுத்து அந்த அம்மாள் அவனைத் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். அப்பாவுக்கும் தனக்கும் நடுவில் இழுத்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பினாள்.

"இப்போ புடி."

நான் துணிக்குள் தலையை விட்டேன். கண்ணாடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. எது முகம், எது மாலை என்று தெரியவில்லை. குவியம் பார்க்கக்கூட முடியவில்லை. வெளியே வந்தேன்.

"வெளிச்சம் போயிடிச்சும்மா" என்றேன். "ரொம்ப நேரம் திறந்து வைக்கணும். அத்தனை நேரம் யாராலயும் அசையாம நிக்க முடியாது. காத்து வேற. படம் நல்லா வராது."

"வராட்டிப் போவுது, புடி."

"மொதப் படம் ரொம்ப நல்லா வந்திருக்கும்மா. அதுவே போதும். இத எடுத்தா வீணாப்..."

"அதுல எம்மவன் இல்லியே."

கெட்டுப்போகும் என்று தெரிந்தே ஒரு படத்தை நான் அதுவரை எடுத்ததில்லை. வெளிச்சம் போய்விட்டால் காமிராவை மடக்கிவிடுவது என் வழக்கம். அதை ஒரு மரியாதை என்றே நினைத்திருந்தேன். கை தானாகவே முக்காலியின் திருகைத் தேடிப் போனது. அதை அவள் பார்த்துவிட்டாள்.

"போன வாட்டியும் இப்டித்தான நின்ன?" என்றாள். இப்போதுதான் குரல் உயர்ந்தது. "காலரு சரியில்ல, துண்டு சரியில்ல, எல சரியில்லன்னு. படம் நல்லாத்தான் வந்திச்சி. ஊரே சொல்லிச்சி. அதுல எம்புருசன் இல்ல. இன்னிக்கி நல்லா வந்த படத்துல எம்மவன் இல்ல. எனக்கு நல்ல படம் வேணாம்யா. ரெண்டு பேரும் ஒண்ணா கீற படம் வேணும். இனிமே எந்நாளும் கெடைக்காது. புடி."

ஒரு பெரிய துளி காமிராவின் மரத்தில் விழுந்து பரவியது.

மகனின் கன்னத்தில் ஈர மணல் அப்பியிருந்தது. சட்டை தோளில் கிழிந்திருந்தது. முகத்தைத் துடைத்துக்கொள்ளச் சொல்ல வாய் திறந்தேன். சொல்லவில்லை. தலையைத் தாங்கியிருந்த துண்டு நழுவித் துடுப்பு வெளியே தெரிந்தது. முக்காலியின் ஒரு கால் மணலில் இறங்கி, காமிரா ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நிமிர்த்தப் போனால் அந்த நேரமும் போய்விடும். பழைய குவியத்தையே நம்பினேன். சிலைடைத் திருப்பிப் போட்டு, அதன் தடுப்புப் பலகையை இழுத்தேன்.

"எட்டு எண்ணுவேன்" என்றேன். "முடிஞ்சவரைக்கும் அசையாம இருங்க."

மூடியைக் கழற்றினேன்.

ஒன்று என்பதற்குள் மருமகன் வானத்தைப் பார்த்துவிட்டான். இரண்டில் காற்று மாலையைத் தூக்கிப் போட்டது. மூன்றில் மகனுக்கு விம்மல் வந்தது. அடக்கப் பார்த்து, தோள் முழுக்கக் குலுங்கியது. என் கை மூடியோடு லென்ஸின் பக்கம் போய்விட்டது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். யாராவது அசைந்தால் மூடிவிடு, மிச்சத்தையாவது காப்பாற்று. லென்ஸுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் அந்தக் கை நின்றது. மூடினால் இருட்டு மட்டும்தான் மிஞ்சும். நான்கு என்றேன். கிழவரின் நெற்றியில் ஒரு துளி விழுந்து காசின்மேல் தெறித்தது. அந்த அம்மாள் யோசிக்காமல் கையை நீட்டி அதைத் துடைத்தாள். மழையில் நனைகிற ஒருவருக்குத் துடைத்துவிடுவது போலவே செய்தாள். திரும்பி வந்த அந்தக் கையை மகன் பிடித்துக்கொண்டான். இரண்டு கையும் அப்பாவின் தோளில் போய் விழுந்தன. ஐந்து. ஆறு. நான் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு. எட்டு.

மூடினேன். தடுப்புப் பலகையை உள்ளே தள்ளினேன். பெரியவர் கையைக் காட்டினார், பறை எழுந்தது. பாடை சவுக்குத் தோப்பைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது.

பெண்கள் வீட்டோடு நின்றுவிட்டார்கள். நான் காமிராவைத் துடைக்காமலே பெட்டியில் திணித்து, சிலைடைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். அந்த அம்மாள் வாசல் ஓரத்தில் நின்று கேட்டாள்:

"பதினாறாம் நாளுக்குள்ள குடுத்துருவியா? கல்யாணப் படம் எம்மவ வயித்துப்புள்ள பொறந்தப்பறந்தான் வந்திச்சி."

"குடுத்துருவேன்" என்றேன். "வந்திருந்தா."

"வந்திருக்கும்" என்று உள்ளே போனாள்.

வீடு திரும்பியதும் பிளேட்டை உடனே கழுவிவிடுவதுதான் என் முறை. அன்று சிலைடை இருட்டறைப் பலகையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். சாப்பிடும்போது மனைவி கேட்டாள். நடந்ததைச் சொன்னேன்.

"கழுவிப் பாத்தா தெரிஞ்சிடுமே" என்றாள்.

"தெரிஞ்சிடும். அதனாலதான்" என்றேன். அவள் மோர் ஊற்றினாள். குறிப்பேட்டில் அன்றைய தேதிக்குக் கீழே 'குப்பத்துக்குப் போய்வந்தேன், மழை' என்று மட்டும் எழுதினேன். இரண்டு படங்களில் எது நன்றாக வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எதற்காகப் போனேனோ அது மற்றொன்றில் இருந்தது, ஏதாவது இருந்தால்.

மறுநாள், 21, வியாழக்கிழமை. எழுந்ததும் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கவில்லை. கடைப் பலகையைக் கழற்றவில்லை. காமிராப் பெட்டி மணலும் ஈரமுமாக மூலையில் கிடந்தது. லென்ஸை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. நேராக இருட்டறைக்குள் போய், சிவப்பு விளக்கைப் போட்டு, மருந்து கலந்து, இரண்டாவது பிளேட்டை எடுத்துத் தட்டில் வைத்தேன்.

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. தட்டை ஆட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு வேட்டியின் இடத்தில் லேசான கறுப்பு. மாலை ஒரு பக்கம் புகைபோலச் சாய்ந்தது. அப்புறம் முகங்கள். உருவம் நிலைக்க ஹைப்போ உப்புக் கரைசலில் போட்டு, கழுவி, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். ஈரம் வடிந்ததும் தாளில் அச்செடுத்தேன்.

படம் ஒரு பக்கம் சரிந்திருந்தது. மருமகனுக்கு இரண்டு மோவாய். மகளின் முகம் பாதிதான் தெரிந்தது. மகன் குலுங்கிய குலுக்கலில் தோள் கரைந்துபோயிருந்தது. ஆனால் அவன்தான் என்று யாருக்கும் தெரியும். அம்மாளின் கையும் அவன் கையும் ஒன்றில் ஒன்று கலந்து, எது யாருடையது என்று தெரியாத ஒரு வெளுப்பாகத் தோளின்மேல் கிடந்தன. உயிரோடு இருந்த அத்தனை பேரும் கலங்கியிருந்தார்கள். நடுவில், கல்யாணத்தில் ஐந்து நிமிஷம் நிற்கப் பொறுமை இல்லாமல் நடந்துபோன மனிதர் மட்டும், இமைமுடி எண்ணும்படி, துளிகூடக் கலங்காமல் விழுந்திருந்தார்.

மனைவி திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தாள். ஈரப் படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள்.

"அழுவறாங்க" என்றாள் கடைசியில். பிறகு, "அந்தக் கைய ஒழுங்கு பண்ணுவீங்களா?"

டச்சிங் மேசையில் நேற்றுச் சீவி வைத்த பென்சில்கள் வரிசையாக இருந்தன. அம்மைத் தழும்பு போன மாப்பிள்ளை மேசையில் சாய்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல" என்றேன். "கொஞ்சம் விசிறு. காயட்டும்."

அவள் உட்கார்ந்து விசிறினாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு, முழுசாகக் காயாத அந்தப் படத்தை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து நூலால் கட்டினேன். முதல் பிளேட் சிலைடிலேயே இருந்தது. கடையைத் திறக்காமல், கிடைக்கிற முதல் பஸ்ஸுக்கு நடந்தேன்.